புதுப்பிப்பு: சர்ரே வரைபடம், சட்டத்திலிருந்து கழற்றிய பிறகு

17ஆம் நூற்றாண்டு ஆங்கில வரைபடக்காரர் ஜான் ஸ்பீடின், இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட வரைபடம் ஒன்றின் படத்தை முன்பு இங்கே இட்டு, அதிலுள்ள 1610 என்ற ஆண்டை நம்பலாமா என்று கேட்டிருந்தேன். "சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்" என்றார்கள் பலர். பார்த்துவிட்டேன்.

1610 என்பது செப்புத் தகட்டில் செதுக்கிய ஆண்டு மட்டுமே. ஆம்ஸ்டர்டாமில் யோடோகஸ் ஹோண்டியஸ் செதுக்கிய அந்தத் தகடுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. முதலில் லண்டன் வெளியீட்டாளர்களான சட்பரியும் ஹம்பிளும் வரைபடத் தொகுப்பு நூலாக வெளியிட்டார்கள். 1616இல் லத்தீன் பதிப்பு வந்தது. 1676இல் பாசெட், சிஸ்வெல் என்ற வெளியீட்டாளர்கள் பழைய வெளியீட்டாளர் பெயரைச் சுரண்டிவிட்டுத் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். ஆண்டை யாரும் தொடவில்லை. பழமைக்கு அன்றும் மவுசு இருந்திருக்கும் போலும்!

என் பிரதியின் பின்பக்கத்தில் ஆங்கில உரை, முன்பக்கத்தில் பாசெட், சிஸ்வெல் பெயர்கள். ஆக, இது 1676ஆம் ஆண்டுப் பதிப்பு. பின்பக்கம் வெறுமையாக இருந்திருந்தால் பின்பக்க உரையின்றி வந்த, 18ஆம் நூற்றாண்டு வெளியீட்டாளர் ஓவர்ட்டனின் அச்சு என்று சந்தேகித்திருக்கலாம். வரைபடத்தின் ஓரத்தில் ரிச்மண்ட் அரண்மனையின் படத்துடன் நான்சச் அரண்மனையின் படமும் இருக்கிறது. 1680களில் நான்சச்சை இடித்துவிட்டார்கள். தகட்டில் மட்டும் அது இடியவே இல்லை, ஓவர்ட்டன் காலத்திலும் அச்சாகியது.

வண்ணம் அந்தக் காலத்ததுதானா என்று கேட்டவருக்கு: இந்த வரைபடங்கள் பெரும்பாலும் வண்ணமின்றியே விற்கப்பட்டன. என்னுடையதில் உள்ள பளிச்சென்ற இளஞ்சிவப்பு பிற்காலத்தில் தீட்டியதாகவே படுகிறது.