புதுப்பிப்பு: பேட்ச்சுக்கு வந்த கடுமையான பதில்

ஒரு திறமூல மென்பொருள் திட்டத்துக்கு நான் அனுப்பிய பேட்ச்சை, அதாவது நிரல் திருத்தத்தை, பார்த்து "இதைப் படிப்பதே நேர விரயம்" என்று அதன் பராமரிப்பாளர் (திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்பவர்) எழுதியதால் திட்டத்தை விட்டு விலகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ஒரு நாள் பொறுத்திருந்து, அவர் தொனியைப் பற்றிப் பேசாமல் "எந்த வரியில் தவறு?" என்று மட்டும் கேட்கச் சொன்ன யோசனைதான். நினைவகக் கசிவை (எடுத்த நினைவகத்தை நிரல் திருப்பி விடாமல் போவதை) காட்டினார், உண்மையான பிழை அது, திருத்தியதும் சேர்த்துக்கொண்டார்கள்.

எதிர்பாராதது அப்புறம் நடந்தது. அதே பாணிப் பதிலால் ஒதுங்கிப்போன இன்னொரு புதியவர் எனக்கு எழுதினார். அதனால் பங்களிப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நடத்தை விதி திட்டத்துக்கு வேண்டும் என்று முன்மொழிந்தேன். 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டதையும், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திட்டம் நடத்தை விதியை ஏற்றதையும் சுட்டினேன். விவாதம் இன்னும் நடக்கிறது, நான் விலகவில்லை.