லிட்டில் ராக்கைப் பிடித்த படை அதிகாரியே அங்கே நீதிபதி: ஹென்றி கிளே கால்ட்வெல் எப்படிப்பட்டவர்?

சட்டமாணவி:
அமெரிக்க ரயில்வே வழக்குகளைப் படிக்கும்போது ஹென்றி கிளே கால்ட்வெல் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. உள்நாட்டுப் போரில் அயோவா மூன்றாம் குதிரைப்படையின் அதிகாரி. 1863 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரைப் பிடித்த படையெடுப்பில் இருந்தவர். மறு வருடமே லிங்கன் அவரை அதே மாநிலத்துக்கு ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிபதியாக நியமிக்கிறார். தோற்றவர்களுக்கு ஜெயித்த படையின் ஆளே நீதி சொல்வது எப்படிச் சரியாகும்? தொழிலாளர் பக்கம் நின்றவர் என்றும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கட்டு:
படைக்குப் போகும் முன்பே அவர் வக்கீல். 1832-இல் பிறந்தவர். அயோவாவில் கியோசாக்குவா என்ற சின்ன ஊரில் இருபது வயது வாக்கிலேயே தொழிலைத் தொடங்கினார். அப்புறம் அரசு வழக்கறிஞர், மாநில சட்டசபை உறுப்பினர். 1861-இல் மேஜராகச் சேர்ந்து கர்னல் வரை உயர்ந்தார். ஆர்கன்சாவில் அவருக்கு முன் இருந்த டேனியல் ரிங்கோ, போர் தொடங்கியதும் பதவியை விட்டுவிட்டுப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசில் நீதிபதியானவர். அந்த இடத்துக்குத்தான் கால்ட்வெல் வந்தார். 1890 வரை, 26 வருடம் அங்கேயே இருந்தார்.

சிக்னல் கம்பம்:
நான் ரயில்வே தொழிற்சங்கத்துக்காகச் சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவன். அதனால் 1894 யூனியன் பசிபிக் வழக்கைத்தான் முதலில் சொல்வேன்.

1893 பொருளாதார நெருக்கடியில் அந்த ரயில் கம்பெனி திவாலாகி, கோர்ட் நியமித்த ரிசீவர்கள், அதாவது திவாலான கம்பெனியைக் கோர்ட் சார்பில் நடத்துபவர்கள், கைக்குப் போனது. ரிசீவர்கள் சம்பளத்தைக் குறைக்கப் புது அட்டவணை போட்டார்கள். ஒமாஹாவில் நீதிபதி டண்டி, தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் கூடக் கொடுக்காமல் அதை ஒப்புக்கொண்டார். வேலைநிறுத்தத்துக்கும் தடை போட்டார். கொலராடோ, வயோமிங் நீதிபதிகள் அந்த உத்தரவை ஏற்கவில்லை. விஷயம் மேலே, அப்போது எட்டாவது சர்க்யூட் (பல மாநிலங்கள் சேர்ந்த மேல்நிலைக் கோர்ட் வட்டாரம்) நீதிபதியாக இருந்த கால்ட்வெல்லிடம் வந்தது.

அவர் செய்ததைக் கவனியுங்கள். முதலில் தொழிலாளர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசும்படி ரிசீவர்களுக்கு உத்தரவிட்டார். அதில் உடன்பாடு வராததால் தானே விசாரித்தார். பழைய சம்பளம் கம்பெனியும் சங்கங்களும் பேசி ஒப்புக்கொண்டது. அதை ஒருதலையாக மாற்ற முடியாது, அந்தச் சம்பளம் நியாயமானதுதான் என்று தீர்ப்பளித்தார். குறைப்பு ரத்தானது.

சங்கத்தோடு பேசு என்று ஒரு நீதிபதி 1894-இல் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பேச்சுவார்த்தைக்கே கூப்பிடாத நிர்வாகத்தின் வாசலில் காத்திருந்தவனுக்குத் தெரியும். அதே காலத்தில் மில்வாக்கியில் நீதிபதி ஜென்கின்ஸ், நார்தர்ன் பசிபிக் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறுவதையே தடுத்து உத்தரவு போட்டிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டமாணவி:
நன்றி ஐயா. அப்படியானால் இது ஒரே ஒரு வழக்குதானா, இல்லை அவருடைய வழக்கமே இப்படியா?

சிக்னல் கம்பம்:
வழக்கமே அதுதான் அம்மா. ஆர்கன்சாவில் இருந்தபோதே, ஒரு ரயில் கம்பெனிக்கு ரிசீவர் வேண்டும் என்று கடன்பத்திரம் வாங்கிப் பணம் போட்டவர்கள் வந்தால் அவர் நிபந்தனை போடுவார்: கூலி பாக்கி, சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி, ரயிலில் அடிபட்டவர்களின் நஷ்டஈடு, இவற்றைத் தீர்க்க ஒப்புக்கொள். பெரிய அளவில் கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சின்ன ஆட்களைக் கைவிடுவதை அவர் பொறுக்கவில்லை.

பழைய கட்டு:
இதோடு ஆக்ஸ்லி ஸ்டேவ் என்ற கம்பெனியின் 1897 வழக்கையும் படியுங்கள். கான்சஸ் சிட்டி பீப்பாய்த் தொழிலாளர்கள், இயந்திரத்தில் வளையம் போட்ட பீப்பாய்களைப் புறக்கணித்தார்கள். அந்தப் புறக்கணிப்புக்குக் கீழ்க்கோர்ட் போட்ட தடை உத்தரவைப் பெரும்பான்மை நீதிபதிகள் உறுதி செய்தார்கள். கால்ட்வெல் தனியாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். முதலாளிகள் ஒன்றுசேரலாம் என்றால் தொழிலாளர்களும் சேரலாம். குற்றம் என்றால் ஜூரி முன் விசாரி. நீதிபதியே தடை போட்டு, மீறினால் தானே தண்டிப்பது ஜூரி உரிமையைப் பறிப்பது என்பது அவர் வாதம். மாணவிக்கு என் யோசனை: பெரும்பான்மைத் தீர்ப்பை முதலில் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். எந்தெந்த இடத்தில் அவர் மடக்குகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும்.