ராணி பயற்றைத் தொடுகிறாள் இல்லை

குழு: பரந்தன் வீட்டார்

வெள்ளி

சின்னக்கா: 📷
எங்கட கிளி ராணியைப் பாருங்கோ. நெஞ்சு இறகு உதிர்கிறது. ஊஞ்சலில் ஏறினாலே மூச்சு வாங்குகிறாள்.

சித்தப்பா ஒட்டுசுட்டான்: என்ன தீன் போடுகிறாய் பிள்ளை?

சின்னக்கா: சூரியகாந்தி விதைதான். காலையில் அம்மா பாணைப் பால்தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பா. பின்னேரம் பிஸ்கட்.

சித்தப்பா ஒட்டுசுட்டான்: சரியாப்போச்சு. முதலில் தேத்தண்ணியை நிற்பாட்டுங்கோ, தேயிலையில் உள்ள கஃபீன் அதின் இதயத்துக்கு ஆகாது. பாலும் பறவைக்குச் செமிக்காது. சூரியகாந்தி விதை எண்ணெய்க் கட்டி. வெளியில் பறக்கிற கிளி அதை எரித்துவிடும், கூட்டுக் கிளிக்கு ஈரலில் கொழுப்பாய்ப் படியும். மூச்சு வாங்கினால் நாளைக்கே மிருக வைத்தியரிடம் காட்டு.

அம்மா: தம்பி, தலை போன பனை விழுந்தபோது இறகு முளைக்காத குஞ்சு அது. நான்தான் குரக்கன் கூழ் தீத்தி வளர்த்தேன்.

சித்தப்பா ஒட்டுசுட்டான்: குரக்கனோடு நின்றிருந்தால் இந்தக் கதையே வராது அண்ணி 😄

அண்ணா டொரொண்டோ: இங்கே கிளிக்கென்றே உருண்டைத் தீன் விற்கிறார்கள். பார்சலில் போடவா? கிளிநொச்சிக் கிளிக்குக் கனடாத் தீன்!

சித்தப்பா ஒட்டுசுட்டான்: அது கெட்டதில்லை. ஆனால் வளவைப் பாருங்கோ. முருங்கை இலை, பப்பாசி, பூசணி எல்லாவற்றிலும் விட்டமின் ஏ-க்குரிய சத்து இருக்கிறது. வெறும் விதையில் அது இல்லாததால்தான் தோலும் மூக்கும் பழுதாகும். பயற்றை ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் கொடு. மிச்சத்தை மத்தியானத்துக்கு முன் எறி, இந்த வெயிலில் புளித்துவிடும். இப்போது வேப்பம்பழக் காலம், காட்டுக் கிளிகள் முழுக்க வேம்பில்தான். கொப்போடு முறித்துக் கட்டிவிடு. மருந்தடித்த வயல் கதிர் மட்டும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கச்சானும் வேண்டாம்.

நான்: பச்சை மிளகாய் கொடுக்கலாமோ? பாவம், உறைக்காதா?

சித்தப்பா ஒட்டுசுட்டான்: பறவைக்கு உறைப்புத் தெரியாது. தாராளமாய்க் கொடு. பட்டர் புரூட்டும் சொக்லேட்டும்தான் நஞ்சு, ஒரு துண்டும் கூடாது.

ஞாயிறு

சின்னக்கா: வைத்தியரும் கொழுப்பு என்றுதான் சொன்னார். கடைத் தராசில் நிறுத்தேன், 163 கிராம்!

சித்தப்பா ஒட்டுசுட்டான்: இந்த இனம் 120 கிராம் அளவில் நிற்க வேண்டும். அதற்காக விதையை ஒரே நாளில் வெட்டிவிடாதே. பிடிவாதக் கிளி பட்டினி கிடந்தே செத்துப்போகும். கிழமைக்குக் கொஞ்சமாய்க் குறை.

சின்னக்கா: பயற்றைத் தொடுகிறாளே இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். மிளகாயை மட்டும் இடக்காலில் பிடித்து, நுனியைக் கடித்து, விதையை நக்கி எடுத்துவிட்டுத் தோலை அம்மாவின் தலையில் போட்டாள்.

அம்மா: தோல் பரவாயில்லை.

புதன்

அம்மா: நான் கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டிருந்து முளைப்பயறு தின்றேன். கம்பிக்குள்ளால் தலையை நீட்டி என் கையிலிருந்து பறித்தாள்! இப்போது காலையில் இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. என் சீனி வருத்தத்துக்கும் நல்லதாம்.

சித்தப்பா ஒட்டுசுட்டான்: 👏 கூட்டமாய்த் தின்கிற சாதி அது. அண்ணி, அந்தக் கழுத்தைக் கிட்டப் போட்டோ எடுங்கோ.

சின்னக்கா: 📷

சித்தப்பா ஒட்டுசுட்டான்: கறுப்பும் ரோசாவுமாய் ஆரம் கட்டுகிறது. மூன்று வயதளவில் ஆண் கிளிக்குத்தான் அது வரும். உங்கள் ராணி ராசா!

அண்ணா டொரொண்டோ: 😂😂😂

அம்மா: ராணி என்றால்தான் திரும்பிப் பார்க்கும். பெயரை மாற்றமாட்டேன்.

சின்னக்கா: சித்தப்பா, அந்தப் பக்கம் பாலைப்பழம் வந்தால் இரண்டு சுண்டு கொண்டு வாங்கோ. ஒரு பிடி ராணிக்கு, மிச்சம் எனக்கு.