அப்பாவின் கடலடிப் பார்களைக் குறித்து வைக்க எந்த ஜிபிஎஸ்? போன் போதுமா?

தெக்குக்கடல்:
வணக்கம். கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ஊர். ஏழு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, அப்பாவின் ஃபைபர் வள்ளத்தை இப்போது நான் ஓட்டுகிறேன். தூண்டில் தொழில். களவாயும் விளமீனும் கிடக்கிற பார்கள், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகள், எல்லாம் அப்பாவின் மனதில்தான் இருக்கின்றன. மருந்துவாழ்மலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கணியம் பார்த்துத்தான் நங்கூரம் போடுவார். இப்போது கண்புரை, மலை மங்கலாகத்தான் தெரிகிறதாம்.

போனே போதும் என்கிறான் மச்சான். போன வாரம் அதை நம்பிப் போனேன். ஈரக்கைக்குத் திரை வேலை செய்யவில்லை, வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடத்தைக் குறித்து முடிப்பதற்குள் வள்ளம் பாரை விட்டு விலகிவிட்டது. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பழைய தூண்டில்:
தம்பி, பொத்தான் வைத்த கருவியாக வாங்கு. மற்றதெல்லாம் அப்புறம். ஒரு கையில் கயிறு இருக்கும்போது மறுகையின் பெருவிரலால் இடத்தைக் குறிக்க முடிய வேண்டும். நான் பத்து வருடமாகக் கார்மின் 78எஸ் வைத்திருக்கிறேன். இரண்டு பென்சில் பேட்டரி போதும். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். இப்போது அதற்கு அடுத்ததாக 79எஸ் வந்திருக்கிறது. பட்ஜெட் இடித்தால் பழைய 78எஸ் தேடிப் பார். பொத்தான்களின் ரப்பர் வெடித்திருந்தால் மட்டும் வாங்காதே, உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

பெயரின் கடைசியில் வரும் 'எஸ்' முக்கியம். அதில் திசைகாட்டி உள்ளேயே இருக்கிறது. அது இல்லாத கருவி, வள்ளம் நகர்ந்தால்தான் திசை சொல்லும். மிதந்து கிடக்கும்போது அம்புக்குறி மனம்போனபடி சுற்றும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். எனக்கு ஒருவர் 7 58 30 என்று ஒரு பாரின் அட்சரேகை எண்ணைத் தாளில் எழுதித் தந்தார். கருவியில் 58.30 என்று போட்டேன். அரை நாள் தேடியும் வெறும் சேறுதான். அவர் சொன்னது 7 டிகிரி 58 நிமிடம் 30 விநாடி. முப்பது விநாடி என்றால் அரை நிமிடம், அதாவது 58.500 என்று போட்டிருக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். இந்தத் தப்பில் மட்டும் 370 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறேன். யாரிடம் எண் வாங்கினாலும் எந்த அமைப்பில் குறித்தது என்று கேட்டு, தாளிலேயே எழுதி வை.

சரி, கருவி வந்ததும் முதல் வேலையாக அப்பாவை வள்ளத்தில் ஏற்று. ஜிபிஎஸ்ஸுக்கு நீ நிற்கும் இடம் தெரியும், அடியில் பாரா சேறா என்று தெரியாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நீலப்படகு:
போனை ஒதுக்கிவிடாதீர்கள். டவர் இல்லாவிட்டாலும் அதன் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏரோபிளேன் மோடில் போட்டு, தண்ணீர் புகாத உறையில் வைத்தால் இரண்டாவது துணையாக இருக்கும். சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்றும் வள்ளத்தில் கிடக்கட்டும்.

கடலோரத்தாள்:
ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன் அண்ணே. 2017 நவம்பர் 30, ஓகி புயல் வந்த நாளில் என் தாய்மாமா கடலில் இருந்தார். அவர் வள்ளத்திலும் ஜிபிஎஸ் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், கரையில் இருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை. நீங்கள் வாங்கப்போகும் கருவி யாரையும் கூப்பிடாது. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துச் சமிக்ஞைக் கருவி பற்றி மீன்வளத் துறையில் விசாரியுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எந்தப் பாருக்குப் போகிறீர்கள் என்று எண்ணோடு வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

தெக்குக்கடல்:
எல்லோருக்கும் நன்றி. பழைய 78எஸ் ஒன்று கிடைத்தது, ரப்பர் நன்றாக இருக்கிறது. மூன்று நாளாக அப்பாவோடு போகிறேன். "கோபுரத்துக்கு இடப்பக்கம் மலையில் ஒரு பள்ளம் தெரியுதா?" என்று அவர் கேட்பார். தெரிகிற இடம் வரை நான் வள்ளத்தை ஓட்டுவேன். ஈயக்குண்டை இறக்கிக் கயிற்றைச் சுட்டுவிரலில் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். "பார்தான், குறி" என்றதும் பொத்தானை அமுக்குவேன். பதினொன்று குறித்தாயிற்று. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுத்தால் எங்கே நங்கூரம் போட வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதச் சொல்கிறார். அது கருவிக்குள் போகாது, அதனால் நோட்டும் கூடவே வருகிறது.

தங்கச்சி, 1554ஐ அம்மா அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதிவிட்டாள். மீன்வளத் துறைக்கு நாளை போகிறேன்.