தெர்மாகோல் கட்டருக்கு வெரியாக்கை நேராகக் கொடுக்கலாமா?

வில்கம்பி:
மரச்சட்டத்தில் 60 செ.மீ. நைக்ரோம் (கரண்டில் சூடேறும் நிக்கல்-குரோமியம்) கம்பி கட்டியிருக்கேன். 26 கேஜ், எஸ்.டபிள்யூ.ஜி. எனும் கம்பித் தடிமன் அளவு. மீட்டரில் 4 ஓம் காட்டுது. பட்டறையில் இருப்பது: 4 ஆம்பியர் வெரியாக் (திருகி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி), வெல்டிங் செட், பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், லைட் டிம்மர். வெரியாக்கை 8 வோல்ட்டில் வைத்தால் போதும்தானே?

சுருள்மணி:
கூடாது. கணக்கு சரி, இணைப்புதான் ஆபத்து. வெரியாக்கில் இருப்பது ஒரே சுருள். மெயின் லைனுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே பிரிவு கிடையாது. பிளக்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் கம்பியின் இரு முனைக்கும் நடுவே 8 வோல்ட்தான் காட்டும், ஆனால் தரையில் நிற்கும் ஆளுக்கு அந்தக் கம்பி முழுக்க 220 வோல்ட்டுக்கு மேல். மீட்டரை முனைகளில் மட்டும் வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

வெரியாக்குக்கு அடுத்து ஒரு 12-0-12 (நடு முனைக்கு இரு பக்கமும் 12 வோல்ட் தரும்), 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. வெரியாக் அவுட்புட் அதன் 230 வோல்ட் பக்கத்துக்கு. நடு முனையும் ஒரு ஓர முனையும் கம்பிக்கு. கம்பியில் 8 வோல்ட் வர வெரியாக் ஏறக்குறைய 155-ல் நிற்கும். பிரைமரியில் (230 வோல்ட் பக்கம்) அரை ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ், செகண்டரியில் (கம்பிப் பக்கம்) 3 ஆம்பியர் ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர் தகட்டுக்கு எர்த். வெரியாக்கை எப்போதும் பூஜ்யத்திலிருந்தே ஏற்றுங்க.

லைட் டிம்மரை நேராக 4 ஓம் கம்பியில் மாட்டுவது வெரியாக்கை நேராகக் கொடுப்பதைவிட மோசம். மெயினோடு ஒட்டியே இருக்கும், முதல் நொடியிலேயே உள்ளே சுவிட்ச் வேலை செய்யும் டிரையாக்கும் போகும். வெல்டிங் செட் பக்கம் போகவே வேண்டாம். சுமை இல்லாதபோது பல மாடல்கள் 50 வோல்ட்டுக்கு மேல் தரும். 4 ஓமில் அது 12 ஆம்பியர், கம்பி அறுந்து தெறிக்கும்.

வில்கம்பி:
12-0-12 வாங்கும்வரை சார்ஜரை வைத்து ஓட்டலாமா?

ஓம்கணக்கு:
உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பழைய வகை என்றால் ஓட்டலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பேஸ், நியூட்ரல் பின்களுக்கும் சார்ஜர் கிளிப்புகளுக்கும் நடுவே 20 மெகா ஓம் ரேஞ்சில் பாருங்க. எதுவும் காட்டக் கூடாது. புது ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரி இல்லாமல் அவுட்புட்டே தராது.

ஆனால் 12 வோல்ட்டை 4 ஓமில் கொடுத்தால் 3 ஆம்பியர், கம்பி மங்கலாகச் சிவக்கும். தெர்மாகோலுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. வெட்டுவாய் அகலமாக உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இந்தக் கேஜுக்கு 1.5 முதல் 2 ஆம்பியர் போதும். சூட்டைத் தீர்மானிப்பது ஆம்பியர். நீளம் கூடினால் அதற்கேற்ப வோல்ட்டைக் கூட்டணும், அவ்வளவுதான். சார்ஜருக்குச் சுலப வழி, கம்பியை 90 செ.மீ. ஆக்குவது. மொத்தம் 6 ஓம், 2 ஆம்பியரை ஒட்டி நிற்கும். பல்பு மாதிரி இல்லை நைக்ரோம். குளிர்ந்திருந்தாலும் சூடேறினாலும் ஓம் பெரிதாக மாறாது, அதனால் இந்தக் கணக்கை நம்பலாம்.

வெட்டும்போது மெல்லிய முடிபோல நூல் இழுத்தால் சூடு சரி. கம்பி பின்னால் வளைந்தால் வேகமாகத் தள்ளுறீங்க.

சுருள்மணி:
விட்டுப்போனது: சூட்டில் 60 செ.மீ. கம்பி ஏறக்குறைய 2 மி.மீ. நீளும், அதனால் ஒரு முனையில் ஸ்பிரிங் வேணும். கரண்ட் ஸ்பிரிங் வழியாகப் போகக் கூடாது, சூடேறித் தளர்ந்துவிடும். கம்பியின் முனைக்கே தனி வயர் கொண்டுவாங்க. நைக்ரோமில் ஈயம் ஒட்டாது, பித்தளை போல்ட்டும் வாஷரும் வைத்து இறுக்குங்க. கால் சுவிட்சைக் குறைந்த வோல்ட் பக்கத்தில் வையுங்க, காலை எடுத்ததும் நிற்கும்.

வில்கம்பி:
சரி. மெத்தை ஸ்பாஞ்சும் இதிலேயே வெட்டலாமா?

ஓம்கணக்கு:
வேண்டாம். அது பாலியூரித்தேன், புகையில் சயனைடு வாயு கலந்திருக்கும். பிவிசி ஃபோமும் கூடாது, அமில வாயு வரும். தெர்மாகோலுக்கே ஜன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராதபடி ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வையுங்க. ஸ்பாஞ்சுக்குக் கத்திதான்.