சீன கார்பன் ஃபிரேமில் ரோடு பைக்: ஆர்டர் போடும் முன் என்னென்ன பார்க்கணும்?

கடற்கரைச்சாலை கேட்டது:

வணக்கம். பிராண்டு பெயர் இல்லாத சீன கார்பன் ஃபிரேம் ஒன்றை நேரடியாகத் தயாரிப்பாளரிடம் வாங்கி, மீதிப் பாகங்களை இங்கே சேர்த்து ரோடு பைக் பூட்டத் திட்டம். ஓட்டப்போவது பெரும்பாலும் சென்னை ஈசிஆரில், அதிகாலையில்.

உயரம் 172 செ.மீ., கால் நீளம் 80 செ.மீ. அவர்கள் சொல்லும் அளவு 52. டிஸ்க் பிரேக், பின்னால் 12x142, முன்னால் 12x100 த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே நுழைந்து ஃபிரேமில் திருகப்படும் அச்சு). ஃபிரேம் 1050 கிராம், ஃபோர்க் 430 கிராம் என்கிறார்கள். கியர் ஷிமானோ 105 மெக்கானிக்கல், 12 ஸ்பீடு, ஹைட்ராலிக் பிரேக்.

முடிவு செய்ய முடியாமல் இருப்பவை: பிபியில், அதாவது கிராங்க் அச்சு சுழலும் பேரிங் உட்காரும் பாட்டம் பிராக்கெட்டில், பிபி86 எடுப்பதா, டி47 எடுப்பதா? கேபிள் எல்லாம் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதி) வழியாக உள்ளே போகும் மாடலா, டவுன் டியூபில் நுழையும் மாடலா? கார்பன் நாரில் டி700, டி800 என்று இரண்டு விலை சொல்கிறார்கள், கூடுதல் பணம் கொடுப்பதில் பலன் உண்டா? டார்க் ரெஞ்ச், ஆலன் கீ செட் கையில் இருக்கிறது. வேறு என்ன கருவி கட்டாயம் தேவை?

---

மரைக்காரர் பதில்:

டி47 எடுங்கள். பிபி86 என்பது உள்விட்டம் 41 மி.மீ., அகலம் 86.5 மி.மீ. உள்ள துளையில் பிளாஸ்டிக் கப்பை அழுத்திச் செருகும் முறை. இடது துளையும் வலது துளையும் சரியான வட்டமாகவும் ஒரே நேர்கோட்டிலும் இருந்தால்தான் பேரிங் ஒழுங்காகச் சுற்றும். விலை குறைந்த ஃபிரேமில் அந்தத் துளை அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும், இயந்திரத்தில் கடைந்து சரிசெய்திருக்க மாட்டார்கள். கப் இம்மியளவு அசைந்தாலும் ஒவ்வொரு மிதிக்கும் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும்.

டி47-இல் கார்பனுக்குள் ஒட்டிய அலுமினியக் குழாயில் மரை வெட்டியிருப்பார்கள், கப்பைத் திருகி இறுக்கலாம். செயின் பக்கம் இடது மரை, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். வாங்கும் முன் ஷெல் அகலம் 68-ஆ, 86 பக்கமா என்று கேளுங்கள். 68 என்றால் கப் வெளியே நிற்கும், 86 என்றால் உள்ளே போகும். இரண்டுக்கும் கப்பும் ஸ்பானரும் வேறு. 105 கிராங்க் அச்சு 24 மி.மீ., அதற்குரிய கப்பையே வாங்குங்கள்.

கேபிள் விஷயத்தில் டவுன் டியூப் மாடல்தான் உங்களுக்கு ஏற்றது. ஹெட்செட் வழியாகப் போனால் கியர் கேபிள் ஹேண்டில்பாரிலும் அதைப் பிடிக்கும் ஸ்டெம்மிலும் ஹெட் டியூபிலும் திரும்பித் திரும்பிப் போகும், உராய்வு கூடி பின் கியர் மந்தமாகும். எலக்ட்ரானிக் கியருக்கு அந்தச் சிக்கல் கிடையாது, மெக்கானிக்கலுக்கு உண்டு. இன்னொரு விஷயம், உங்கள் ஊர் காற்று. உப்பும் வியர்வையும் முதலில் அரிப்பது மேல் ஹெட்செட் பேரிங்கைத்தான். ஹோஸ் அதன் நடுவே போனால், அந்தச் சின்ன பேரிங்கை மாற்றவே பிரேக் ஹோஸைக் கழற்றி, அதன் முனையை இறுக்கி மூடும் புது ஆலிவ், புது இன்ஸர்ட் போட்டு, மறுபடி எண்ணெய் ஏற்றி, காற்று எடுக்க வேண்டும். டவுன் டியூப் மாடலில் ஃபோர்க்கைக் கீழே இறக்கினால் பத்து நிமிட வேலை.

ஆர்டருக்கு முன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஃபிரேம் மெக்கானிக்கல் கேபிளுக்கும் தயார் செய்யப்பட்டதா? பல புது அச்சுகள் எலக்ட்ரானிக்குக்கு மட்டுமே. அவற்றில் முன் டிரெய்லியர் (செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளும் கருவி) கேபிள் வெளிவரும் துளையோ, பிபிக்கு அடியில் கேபிள் ஓடும் பிளாஸ்டிக் தடமோ இருக்காது. அது இல்லாத ஃபிரேம் வந்துவிட்டால் துளை போட்டுச் சமாளிக்கக் கூடாது. நார் அறுபட்ட இடத்தில் விரிசல் தொடங்கும்.

டி700, டி800 என்பவை டோரே கம்பெனி நார் வகைகள். டி700எஸ் நாரின் இழுவிசை வலிமை 4900 மெகாபாஸ்கல், டி800எஸ் 5880. இவை நாரின் எண்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில், உள்ளே ரெசின் தேங்காமல் எப்படி அழுத்தினார்கள் என்பதுதான் ஃபிரேமின் பலம். அதை இந்த எண் சொல்லாது. அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள். கேட்க வேண்டியது சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை, அதுவும் இதே மாடல் எண்ணுக்கு, ஃபோர்க்கையும் சேர்த்து. யூசிஐ (சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பு) ஒப்புதல் ஸ்டிக்கர் பந்தய விதிப்படி வடிவமும் அளவும் சரி என்பதற்கானது, அதை வலிமைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரபல பிராண்டின் பெயரை அடித்து விற்கும் நகல் ஃபிரேம் பக்கம் போகவே வேண்டாம். சொந்தப் பெயரிலோ பெயரில்லாமலோ விற்பவரிடம் மாடல் எண்ணாவது இருக்கும்.

---

லேத்பட்டறை பதில்:

மரைக்காரர் அண்ணன் சொன்னது சரி, ஆனா பிபி86-ஐ மொத்தமா ஒதுக்க வேண்டியதில்லை. டி47-லயும் அந்த அலுமினியக் குழாய் கோணலா ஒட்டியிருந்தா கதை முடிஞ்சது, அதைத் திருத்த வழியே இல்ல. எது வந்தாலும் அளந்து பாருங்க. வெர்னியர் உள்விட்டத்துக்கு நம்பகமில்ல. பக்கத்துல லேத் பட்டறையில போர் கேஜ் (துளையோட உள்விட்டம் அளக்கிற கருவி) இருக்கும், ரெண்டு பக்கமும் 60 டிகிரி இடைவெளியில மூணு அளவு எடுக்கச் சொல்லுங்க. ஒரே துளையில 0.05 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா சாதாரண பிளாஸ்டிக் கப் சத்தம் போடும். அப்ப ரெண்டு கப்பும் நடுவுல ஒண்ணோடொண்ணு திருகிப் பூட்டுற அலுமினிய பிபி போடலாம், அது துளையோட வட்டத்தை அவ்வளவா நம்பாது.

ஃபிரேமோட சேர்த்தே இதையெல்லாம் வாங்கிடுங்க, அப்புறம் தனியா வரவழைச்சா கூரியர் செலவு பொருளைத் தாண்டிடும்: டிரெய்லியர் ஹேங்கர் (பின் டிரெய்லியரை ஃபிரேமோட பிடிக்கிற சின்னத் துண்டு) ரெண்டு உபரி, த்ரூ ஆக்ஸில் ரெண்டும், ஹெட்செட் முழு செட், சீட்போஸ்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற வெட்ஜ் ஒண்ணு உபரி, ஸ்டீயரர் (ஃபோர்க்கோட மேல் குழாய்) உள்ள விரிஞ்சு பிடிக்கிற எக்ஸ்பாண்டர், கேபிள் துளை ரப்பர்கள். ஆக்ஸில் மரை 1.0, 1.5, 1.75-னு மூணு வகை இருக்கு. கண்ணுக்கு ஒண்ணு போலத் தெரியும், தப்பானதை அழுத்தித் திருகினா டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காருற இடம்) மரை போயிடும்.

அலிஎக்ஸ்பிரஸ் செயலியை 2020 நவம்பர்ல தடை பண்ணினதுக்கு அப்புறம் நம்ம ஊருக்கு நேரடி ஆர்டர்தான். கூரியர்காரங்க நிஜ எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க. 100x60x20 செ.மீ. பெட்டின்னா, 5000-ஆல வகுத்து 24 கிலோ கணக்கு. உள்ள இருக்கிறது மூணு கிலோகூட வராது. அதனால பெட்டி அளவையும் முன்னாடியே கேளுங்க. இன்வாய்ஸ்ல உண்மை விலையே போடச் சொல்லுங்க, குறைச்சுப் போட்டா கஸ்டம்ஸ்ல பெட்டி நிக்கும்.

---

கடற்கரைச்சாலை:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. வரைபடம் அனுப்பினார்கள். டி47, ஷெல் 68. டவுன் டியூப் கேபிள், மெக்கானிக்கலுக்கும் துளை உண்டு என்று மின்னஞ்சலில் உறுதி செய்திருக்கிறார்கள். பின் பிரேக் உட்காரும் இடத்தில் செயின்ஸ்டே தடிமன் 25 மி.மீ. என்று போட்டிருக்கிறது. ஃபிரேம் வந்ததும் என்ன வரிசையில் போவது? கார்பன் ஸ்டீயரரை வெட்டுவதுதான் பயமாக இருக்கிறது. பிரேக் போல்ட் தனியாக வாங்க வேண்டுமா?

---

மரைக்காரர்:

தம்பி, பெட்டி திறந்ததும் எதையும் பூட்டாதீர்கள். முதலில் பரிசோதனை, வேண்டிய இடத்தில் படம் எடுத்து அனுப்ப வசதியாக.

டார்ச் அடித்து பிபி வழியாகவும் ஹெட் டியூப் வழியாகவும் உள்ளே பாருங்கள். சுருங்கிய பை, ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் துண்டு பரவாயில்லை, இழுத்து எடுத்துவிடலாம். நார் மடிந்து சுருக்கம் விழுந்திருந்தால், அதுவும் ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடத்தில் இருந்தால், திருப்பி அனுப்புங்கள். நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டுங்கள். ஒரே மாதிரி கணீரென்று வரும் ஒலி ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று இறங்கினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். பிறகு நூல் சோதனை: ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்கு இழுத்துப் பிடியுங்கள். சீட் டியூபிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தில் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின்சக்கரம் கோணலாக நிற்கும்.

அடுத்து ஹெட்செட். பேரிங் உட்காரும் விளிம்பில் ரெசின் பிசிறு நிற்கும், விரலை வைத்துச் சுற்றினால் நகத்தில் தட்டும். 400 வாட்டர் பேப்பரை நனைத்து அந்தப் பிசிறை மட்டும் எடுங்கள், இருக்கையைத் தேய்க்க வேண்டாம். பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் கோணம் 36x45 அல்லது 45x45 என்று இருக்கும். ஃபோர்க் கிரௌனின் சாய்வும் அதோடு பொருந்த வேண்டும். கோணம் மாறி வந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது.

இப்போது ஸ்டீயரர். ஃபோர்க், பேரிங், பேரிங் மூடி, ஸ்பேசர், ஸ்டெம் எல்லாவற்றையும் மாட்டி, ஸ்டெம்முக்கு மேலே ஒரு 10 மி.மீ. ஸ்பேசரையும் வையுங்கள். முதல் தடவை இவ்வளவு நீளமாகவே விடுங்கள். உயரம் உடம்புக்குப் பழகிய பிறகு மீதியை வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. ஸ்டெம்முக்குக் கீழே மொத்தம் 30 மி.மீ. ஸ்பேசருக்கு மேல் போகாதீர்கள். மேல் ஸ்பேசரின் உச்சியில் கோடு போட்டு, அதற்கு 3 மி.மீ. கீழே வெட்டுக்கோடு. அந்த 3 மி.மீ. இல்லாவிட்டால் உச்சியில் திருகும் மூடி ஸ்டீயரரில் முட்டி நிற்கும், பேரிங் இறுகாது.

வெட்டுக்கோட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் மறுபடி கோடு போடுங்கள். அங்குலத்துக்கு 32 பல் உள்ள புது ஆக்ஸா பிளேடு. வெட்டும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, தள்ளும்போது மட்டும் லேசாக அழுத்தி, இழுக்கும்போது அழுத்தாமல் அறுங்கள். முக்கால் பங்கு வந்ததும் நிறுத்தி, ஃபோர்க்கைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியை அறுங்கள். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் கடைசி நார்கள் அறுபடாமல் ஓலை கிழிவதைப் போல உரிந்து கீழே வரை போகும். ஸ்டீயரர் வீணாவது பெரும்பாலும் அந்தக் கடைசி 5 மி.மீ.யில்தான். வெட்டு முகத்தை 400 வாட்டர் பேப்பரில் வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்த்து, மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு பூச்சு கொடுங்கள். என்95 முகக்கவசம் கட்டாயம். தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

எக்ஸ்பாண்டர் 50 மி.மீ.யாவது நீளமாக இருக்கட்டும். ஸ்டெம்மின் இரண்டு போல்ட்டுக்கும் பின்னால் அது தாங்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டெம் இறுகும்போது ஸ்டீயரர் நசுங்கும். ஸ்டீயரரின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், கிரீஸ் கூடாது. நட்சத்திர நட் கார்பனுக்குள் ஒருபோதும் அடிக்காதீர்கள்.

கிரீஸ் எங்கே, பேஸ்ட் எங்கே என்பதில் குழப்பம் வேண்டாம். டி47 மரை, பேரிங் இருக்கை, போல்ட் மரைகளுக்கு கிரீஸ். கடல்காற்றில் அலுமினியமும் கார்பனும் தொடும் இடம் அரிக்கும், அதனால் தாராளமாகவே போடுங்கள். சீட்போஸ்ட்டுக்கும், கார்பன் ஹேண்டில்பார் என்றால் அதன் பிடிக்கும், மணல் கலந்தது போல் இருக்கும் கார்பன் பேஸ்ட். அது இருந்தால் குறைந்த இறுக்கத்திலேயே நழுவாது. ஸ்டெம் 5 என்எம் (நியூட்டன் மீட்டர்), சீட்போஸ்ட் வெட்ஜ் அதில் அச்சிட்ட அளவு. நழுவுகிறது என்று வெட்ஜை மேலும் மேலும் இறுக்கினால் டாப் டியூப் விளிம்பு வெடிக்கும். 105 கிராங்க்கில் இடப்பக்க மூடியைக் கையால் இறுக்குவது போல 0.7 முதல் 1.5 என்எம், பிறகு இரண்டு போல்ட்டும் மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை. கேசட் லாக்ரிங் 40.

---

லேத்பட்டறை:

பிரேக் போல்ட் கேள்விக்கு: ஷிமானோ பின் ஃப்ளாட் மவுண்ட்ல (கேலிப்பரை நேரா ஃபிரேம்ல பூட்டுற முறை) செயின்ஸ்டே தடிமனோட 13 கூட்டுங்க. 25-க்கு 38 மி.மீ. போல்ட். வரைபடத்தை நம்பி வாங்காம ஃபிரேம் வந்ததும் வெர்னியர்ல அளந்துட்டு வாங்குங்க. போல்ட் குட்டையா இருந்தா ரெண்டு மரையில தொங்கும், அது பிரேக் தாங்கற இடம். இறுக்கம் 6-லருந்து 8 என்எம்.

மவுண்ட் முகத்துல பெயிண்ட் திரண்டு நிக்கும். அது மேல கேலிப்பரை (பேடை ரோட்டர்ல அழுத்துற பிரேக் பாகம்) வச்சா ஒரு பக்கம் தூக்கிக்கும், எவ்வளவு நகர்த்தினாலும் பேட் ஓரம் ரோட்டர்ல உரசும். தட்டையான கண்ணாடித் துண்டுல வாட்டர் பேப்பரை ஒட்டி பெயிண்ட்டை மட்டும் எடுங்க, கறுப்பு நார் தெரிய ஆரம்பிச்சா நிறுத்திடுங்க.

ஹேங்கர் புதுசுதானேன்னு விட்டுடாதீங்க, பெட்டியிலயே வளைஞ்சு வரும். கட்டாயம் வேணும்னு கேட்டீங்களே, ஹேங்கர் நேரா இருக்கான்னு பார்க்கிற ஹேங்கர் கேஜ்தான் அது. ரிம்ல நாலு இடத்துல வச்சுப் பாருங்க, இடைவெளி 4 மி.மீ.க்குள்ள வரணும். 12 ஸ்பீடுல இன்னும் குறைஞ்சா நல்லது. இதைச் செய்யாம கேபிளைத் திருகி கியர் சரி பண்ணவே முடியாது. வீல் எடுக்கும்போது, 105-ஓட 11-34 கேசட் 11 ஸ்பீடு எச்ஜி ஃப்ரீஹப்லயே (பின்சக்கரத்துல கேசட் மாட்டுற பகுதி, ஷிமானோ வகை) உட்காரும், அதுக்குன்னு தனி வீல் தேட வேண்டாம்.

ஸ்டாண்டுல மாட்டும்போது சீட்போஸ்ட்ல பிடிங்க, டாப் டியூப்ல கிளாம்ப் போடாதீங்க.

---

மலைப்பாதை பதில்:

விட்டுப்போன ஒன்று. ஹோஸ் நுழைக்கும் முன் முன்பிரேக் எந்தக் கைக்கு என்று முடிவெடுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய கைக்கு வலதுதான் முன்பிரேக், பல கிட் இடதுக்கு முன்பிரேக் ஹோஸ் இணைத்தே வரும். நீளமும் வேறு, பின்னால் மாற்றினால் ஹோஸை வெட்டி மறுபடி எண்ணெய் ஏற்ற வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில் மட்டும். டாட் திரவம் ஒரு சொட்டு கலந்தாலும் சீல் ஊதிவிடும்.

டயர் 28 வாங்குங்கள். ரிம் உள்ளகலம் 21-க்கு மேல் இருந்தால் அது 30 மி.மீ. வரை விரியும். செயின்ஸ்டேயிலும் ஃபோர்க் கிரௌனிலும் இரு பக்கமும் 4 மி.மீ. விடுபட வேண்டும், மழைநாளில் ஒட்டும் மண் கார்பனை அரம் போலத் தேய்க்கும். முதல் 100 கி.மீ. ஓடியதும் ஸ்டெம், கேலிப்பர், கிராங்க் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். சீட்போஸ்ட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தால், இறங்கியிருக்கிறதா என்று அப்போதே தெரியும்.