கிளப் ரகசியம் வெளியே போனது எப்படி? உங்கள் அனுபவம் என்ன?

பழைய ஸ்கோரர்:

சென்னை லீக்கில் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு 11 வருடம் ஸ்கோர் எழுதினேன். பெரிய கிளப் இல்லை. மதியச் சாப்பாடே எலுமிச்சை சாதப் பொட்டலம்தான். ஆனாலும் ரகசியம் உண்டு. சீசன் தொடங்குமுன் எந்தப் பையனிடம் கையெழுத்து வாங்கப் போகிறோம், அவனுக்கு எவ்வளவு என்பது செயலாளர் சாரின் நீல நோட்டில் மட்டும் இருக்கும்.

ஒரு வருடம் திருச்சிப் பக்கத்து இடக்கை ஸ்பின்னர் ஒருவனைப் பேசி முடித்திருந்தோம். 40,000 ரூபாய், தங்க இடம், ஒரு ஜோடி ஷூ. திங்கட்கிழமை கையெழுத்து. ஞாயிறு ராத்திரி வேறொரு கிளப்பிலிருந்து அவனுக்குப் போன் வந்திருக்கிறது: "45,000 தருகிறோம், ஷூ இரண்டு ஜோடி." ஷூ வரைக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்! பையன் போய்விட்டான். அந்த சீசனில் எங்களுக்கு எதிராக 6 விக்கெட் எடுத்தான். அதையும் என் கையாலேயே எழுதினேன்.

கடைசியில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மேல் சந்தேகம் விழுந்தது. நோட்டு இருந்த அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. ரோலரைத் துடைத்து ஓரமாக நிறுத்திவிட்டு சைக்கிளை எடுத்தார்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஜெராக்ஸ் கடைக்காரர்:

எங்கள் கடைக்கு எதிரிலேயே ஒரு கிளப். டென்னிஸ், நீச்சல்குளம், சீட்டாட்ட அறை எல்லாம் உண்டு. கமிட்டி தேர்தலுக்கு முன்னால் உறுப்பினர் பட்டியலை பியூன் கொண்டுவந்து மூன்று பிரதி கேட்டார். பெயர், வீட்டு முகவரி, மொபைல் எண், சந்தா பாக்கி வரை அதில் இருந்தது. நடுவில் மெஷின் சிக்கி, கறுப்புக் கோடு விழுந்த பிரதி ஒன்று வீணாகப் போனது. அதை ரஃப் பேப்பர் கட்டில் போட்டுவிட்டேன். பின்பக்கம் வெள்ளைதானே, கணக்குப் போட ஆகும் என்று.

இரண்டு நாள் கழித்து ஆதார் நகல் எடுக்க வந்த மனை புரோக்கர் ஒருவர் கட்டைப் புரட்டியிருக்கிறார். கடைப் பையன் 500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் முழுக்க உறுப்பினர்களுக்குப் போன் மேல் போன்: "சார், அச்சிறுபாக்கத்தில் ஒரு பிளாட்..." கிளப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டரை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பையனைத் திட்டினேன், ஆனால் கட்டில் போட்டது நான்தானே.

2007-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபெராரி அணியின் 780 பக்கத் தொழில்நுட்ப ஆவணம் போட்டி அணியான மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் கைக்குப் போய்விட்டது. அவருடைய மனைவி அதை நகலெடுக்க இங்கிலாந்தில் ஒரு சாதாரண ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பார்த்தார், நேராக ஃபெராரிக்கே தகவல் அனுப்பிவிட்டார். மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம், அணிகளுக்கான அந்த வருடப் புள்ளிகளும் போயின. அவரும் என் தொழில்தான், நானும் அதே தொழில்தான்.

பிசியோ:

டி20 லீக் அணி ஒன்றில் இரண்டு சீசன் வேலை பார்த்தேன். சீசன் தொடக்கத்திலேயே ஊழல் தடுப்பு வகுப்பு வைப்பார்கள். யார் ஆடுகிறார்கள், யாருக்குக் காயம், பிட்ச் எப்படி, டாஸ் ஜெயித்தால் என்ன செய்வோம், எல்லாமே உள்தகவல். பணம் வாங்காமல் சும்மா சொன்னாலும் மாட்டிக்கொள்ளலாம். மேட்ச் அன்று போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஜிம்பாப்வே முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக்குக்கு 2021-ல் 8 வருடத் தடை விழுந்ததில் உள்தகவல் கொடுத்ததும் ஒரு குற்றச்சாட்டு. அதற்கும் முந்தைய கதை, 1994 இலங்கைச் சுற்றுப்பயணத்தில் அறிமுகமான 'ஜான்' என்ற புக்கியிடம், அதாவது சூதாட்டத் தரகரிடம், ஆஸ்திரேலிய வீரர்கள் மார்க் வாவும் ஷேன் வார்னும் பணம் வாங்கிக்கொண்டு பிட்ச், வானிலை பற்றிச் சொன்னது. ஆஸ்திரேலிய வாரியம் அபராதம் போட்டு, காதும் காதும் வைத்ததுபோல் முடித்துவிட்டது. 1998-ல் அந்த ரகசியமும் வெளியே வந்துவிட்டது!

இவ்வளவு படித்துவிட்டுப் போன என் கண்ணெதிரிலேயே தகவல் கசிந்தது. எங்கள் முக்கியமான வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடையில் பிடிப்பு. எனக்கும் கோச்சுக்கும் கேப்டனுக்கும் மட்டும்தான் தெரியும். மறுநாள் காலை ஓட்டல் லாபியில் ஒருவர், கையில் அல்வா டப்பா, "என்ன சார், அவர் இன்றைக்கு உட்காருகிறாராமே?" என்கிறார். உடனே ஊழல் தடுப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். விசாரித்ததில் யாருமே வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்தது. ராத்திரி நான் மூன்று தடவை ஐஸ் கேட்டிருந்தேன். எந்த அறைக்கு என்பது ரூம் பாய்க்குத் தெரியுமே, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஐஸ் எல்லாம் என் அறைக்கே வரவழைத்து, துண்டில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போவேன்.

அது சரி, ஸ்கோரர் அண்ணே, ஒரு சந்தேகம். சாவி அவரிடம் இருந்தது சரி. ஷூ விஷயம் நோட்டில் எழுதியிருந்ததா?

மஞ்சள் சட்டை:

அனுபவம் என்றால் ரசிகனாகப் பட்டதுதான். பந்தயம் கட்டியதோடு அணித் தகவலையும் வெளியே கொடுத்தார் என்று, சென்னை அணி நிர்வாகத்தில் இருந்தவரைப் பற்றி ஐ.பி.எல். சூதாட்டத்தை விசாரித்த முத்கல் குழு 2014-ல் சொன்னது. அப்புறம் அணிக்குத் தடை விழுந்து, 2016, 2017 இரண்டு வருடம் சேப்பாக்கத்தில் நம் அணி இல்லை. சீசன் டிக்கெட்டுக்குச் சேர்த்த காசில் வாஷிங் மெஷின் வாங்கினோம். வீட்டுக்காரி இன்றைக்கும் அந்தக் குழுவை வாழ்த்துகிறாள்.

பழைய ஸ்கோரர்:

பிசியோ தம்பி, இரண்டு நாளாக உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன்.

ஷூ நோட்டில் இல்லை. அது டீக்கடையில் பேசியது. செயலாளர் சார், அந்தப் பையன், நான், மூன்று பேர்தான் இருந்தோம். பையன் கால் அளவை ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டவனே நான்தான். சனிக்கிழமை ராத்திரி மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். "உங்கள் டீம் இந்த வருடமாவது தேறுமா மாமா?" என்று கேலி செய்தார். ரோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். தொகை, ஷூ, கால் அளவு 9 என்பது வரைக்கும். மச்சான் ஆபீஸில் யார் எந்த கிளப்புக்கு ஆடுகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஞாயிறு நடந்ததைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அண்ணனை நிறுத்திய அன்று, தலையைக் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அவர் இப்போது வேளச்சேரிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் தோட்ட வேலை பார்க்கிறார். போன மாதம் தேடிக்கொண்டு போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வந்து, "சார், நம்ம பிட்ச் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் நன்றாகத் திரும்புகிறது அண்ணே" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.